கேட்காத விளம்பர மின்னஞ்சல்: உங்கள் உரிமை என்ன?

நகைக்கடையில் ஒரு சங்கிலி வாங்கினால் குலுக்கல் கூப்பன் ஒன்று தருகிறார்கள். பெயர், போன் இலக்கம், ஈமெயில் முகவரி எல்லாம் எழுதிப் பெட்டிக்குள் போடுகிறோம். யாழ்ப்பாணத்தில் கஸ்தூரியார் வீதியிலும் சரி, திருநெல்வேலிச் சந்தியிலும் சரி, இது வழக்கமாகிவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து நாம் கேட்காத விளம்பரங்கள் வந்து குவிகின்றன. குலுக்கலுக்கென்று கொடுத்த முகவரியை விளம்பரத்துக்குப் பாவிக்கலாமா?

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. அதன் 27ஆம் பிரிவின்படி, தபாலோ போனோ மின்னஞ்சலோ, எந்த வழியில் செய்தி அனுப்புவதென்றாலும் அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். விஷயம் இன்னதென்று தெரிந்து, சுயவிருப்பத்தோடு, எழுத்திலோ செயலிலோ தெளிவாகக் காட்டுவதுதான் சம்மதம். நீங்கள் பேசாமல் இருந்தீர்கள் என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. முகவரியை வாங்கும்போதும், பிறகு ஒவ்வொரு முறை அனுப்பும்போதும், ‘இனி வேண்டாம்’ என்று சொல்லி விலகும் வழியை அவர்கள் காட்ட வேண்டும். அதற்குக் காசு கேட்கக்கூடாது. ஒருமுறை சம்மதித்துவிட்டோமே என்று தயங்கவும் வேண்டாம். 14ஆம் பிரிவு, கொடுத்த சம்மதத்தை எழுத்தில் கேட்டுத் திரும்பப் பெறும் உரிமையைத் தருகிறது. சட்டம் நிறைவேறியபோது அதில் எழுதப்பட்ட தண்டம், ஒரு மீறலுக்கு ஒரு கோடி ரூபாய் வரை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சட்டத்தின் எல்லாப் பகுதிகளும் ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை. சட்டத்தை நடைமுறைப்படுத்தும் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை பற்றிய பகுதி 2023 ஜூலையில் தொடங்கியது. பிரதான பகுதிகளுக்கு 2025 மார்ச் 18 என்று குறிக்கப்பட்ட நாள் பின்போடப்பட்டு, அதே ஆண்டில் நாடாளுமன்றம் ஒரு திருத்தச் சட்டத்தையும் நிறைவேற்றியது. ஆகவே அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுத முன், உரிய பகுதிக்கான வர்த்தமானி அறிவித்தலைப் பாருங்கள். கடைக்கு எழுத அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. இரண்டு மூன்று வரி போதும்:

‘விளம்பர மின்னஞ்சல் பெறுவதற்கு நான் சம்மதிக்கவில்லை. முன்பு சம்மதித்திருந்தால் அதை இத்தால் திரும்பப் பெறுகிறேன். எனது முகவரியை உங்கள் பட்டியலிலிருந்து நீக்கி, நீக்கியதை எனக்கு எழுத்தில் அறிவியுங்கள்.’

திகதி போட்டு அனுப்பி, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். முறைப்பாடு செய்ய நேர்ந்தால் அதுதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

பெரிய நிறுவனங்கள் என்றால் இவ்வளவும் தேவைப்படாது. 2024 பெப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5000க்கு மேல் மின்னஞ்சல் அனுப்புவோர், தங்கள் விளம்பர மின்னஞ்சல்களில் ஒரே அழுத்தில் விலகும் வசதி வைக்க வேண்டும் என்று கூகுள் விதி போட்டிருக்கிறது. விலகியவரை இரண்டு நாளுக்குள் நீக்க வேண்டும். ‘அன்சப்ஸ்கிரைப்’ என்ற சொல், அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்திலேயே தெரியும்.

ஆனால் அந்தச் சொல்லை எல்லா மெயிலிலும் அழுத்திவிடாதீர்கள். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் பொருள் வாங்கிய கடை, கணக்கு வைத்திருக்கும் வங்கி என்றால் அழுத்தலாம். முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பியதில் அழுத்தினால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அவருக்கு நீங்களே அறிவித்ததாகிவிடும். பிறகு இன்னும் கூடுதலாக வரும். இப்படிப்பட்டதைத் திறக்காமலே ‘ஸ்பாம்’ என்று குறித்துவிடுங்கள். ஜிமெயில் 30 நாளில் அதைத் தானாகவே அழித்துவிடும். மெயிலில் வரும் படங்கள் தானாகத் திறக்காதபடி செட்டிங்கில் மாற்றி வைப்பதும் நல்லது. கண்ணுக்குத் தெரியாத சின்னப் படம் ஒன்றை வைத்து, நீங்கள் மெயிலைத் திறந்ததை அறிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள்.

நம் ஊரில் அதிகம் ஏமாற்றக்கூடியது பார்சல் மெயில். கனடாவிலோ லண்டனிலோ சொந்தக்காரர் இல்லாத வீடு இங்கே குறைவு. ‘உங்கள் பார்சல் வந்திருக்கிறது, சிறு கட்டணம் செலுத்துங்கள்’ என்று வந்தால் யாருக்கும் நம்பத் தோன்றும். தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் போலிச் செய்திகள் பற்றித் திணைக்களமே எச்சரித்திருக்கிறது. லிங்கைத் தொடாமல், முதலில் அனுப்பியதாகச் சொல்லப்படும் உறவினரிடம் கேளுங்கள், அல்லது தபாலகத்துக்கு நேரே போய் விசாரியுங்கள். கார்ட் இலக்கத்தைக் கொடுத்துவிட்டால் முதல் வேலை வங்கிக்கு அழைத்துக் கார்ட்டை நிறுத்துவது. பிறகு பொலிசில் முறையிடுங்கள். இலங்கை கணினி அவசர பதிலளிப்புக் குழுவின் இலக்கம் 101. அங்கேயும் சொல்லலாம்.

பாஸ்போர்ட்டுக்கோ வேலை விண்ணப்பத்துக்கோ பலருக்கு ஈமெயில் திறந்து கொடுத்தது பக்கத்து கொமினிகேசன் கடைதான். பாஸ்வேர்ட் அந்தக் கடைக் கொப்பியில் எழுதியிருக்கும், பாஸ்வேர்ட் மறந்தால் கணக்கைத் திரும்பப் பெற உதவும் மீட்பு இலக்கமாகக் கடைக்காரரின் போனே இருக்கும். அவர் நல்லவராகவே இருக்கட்டும், அந்தக் கொப்பி யார் கையிலும் போகலாம். இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றி, மீட்பு இலக்கமாக உங்கள் போனைப் போடுங்கள். கூப்பன், கடன் அட்டை, இணையக் கடை போன்றவற்றுக்கு வேறொரு ஈமெயில் திறந்து வைத்தால், பிள்ளையின் பல்கலைக்கழகக் கடிதம் விளம்பரங்களுக்குள் புதைந்து போகாது.