ஆய்வுச் சிகரெட்டுகளைப் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள்

சென்ற வாரம் கடலூரிலிருந்து ஆய்வு மாணவர் ஒருவர் அட்டைப்பெட்டி ஒன்றுடன் புதுச்சேரியில் உள்ள எங்கள் பகுப்பாய்வுக்கூடத்துக்கு வந்தார். உள்ளே இருந்தவை அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகம் ஆய்வுக்கென்றே வழங்கும் ஒப்பீட்டுச் சிகரெட்டுகள், அதாவது பல கூடங்களின் முடிவுகளை ஒப்பிட அளவுகோலாக வைக்கும் சிகரெட்டுகள். இரண்டு ஆண்டுகளாக இரும்புப் பீரோவில் பத்திரமாக இருந்ததாகப் பெருமையுடன் சொன்னார். ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். காகிதத்தில் குண்டூசித் துளைகள் இரண்டு, ஓரத்தில் பழுப்புக் கறை. மஞ்சள் டப்பாவையும் மிளகாய் மூட்டையையும் துளைக்கும் அதே சின்னஞ்சிறு பழுப்பு வண்டு இங்கும் குடியிருந்திருக்கிறது. “பரவாயில்லை சார், 48 மணி நேரம் கண்டிஷனிங் செய்தால் சரியாகிவிடும்” என்றார். இந்த ஆண்டில் இப்பதிலை நான் கேட்பது நான்காவது முறை.

கண்டிஷனிங் எதையும் சரிசெய்வதில்லை. ஐ.எஸ்.ஓ. 3402 தரநெறிப்படி 22 டிகிரி செல்சியஸும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் குறைந்தது 48 மணி நேரம், கூடினால் 10 நாள்கள், சிகரெட்டுகளை வைக்கிறோம். சிகரெட்டை இழுத்துப் புகையைச் சேகரிக்கும் புகைப்பொறியில் ஏற்றும் முன் எல்லாவற்றிலும் நீரின் அளவு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. காய்ந்த சிகரெட் விரைவாக எரிந்து இழுப்புகளின் எண்ணிக்கையைக் குறைக்கும், ஈரமானது மெதுவாக எரிந்து கூட்டும். நமத்துப்போன முறுக்கை வெயிலில் காயவைத்தால் மொறுமொறுப்பு ஓரளவு திரும்பும், ஆனால் எண்ணெயில் ஏறிய காறல் வாடை போகுமா? கத்திரி வெயிலில் மூடிய அறைக்குள் கிடந்த புகையிலையிலிருந்து ஆவியாகிப் போன வாசனைப் பொருள்களும், புகையிலையிலிருந்து வடிகட்டிக்கு இடம்பெயர்ந்த மென்தாலும் அந்த 48 மணி நேரத்தில் திரும்பி வருவதில்லை. மறுபுறம், புகையிலைக்கே உரிய நைட்ரோசமைன்கள் என்ற வேதிப்பொருள்கள் வெப்பத்தில் கூடக்கூடியவை, அவற்றில் என்.என்.கே., என்.என்.என். இரண்டையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என வகைப்படுத்தியுள்ளது. கூடிய நைட்ரோசமைனை எந்தக் கண்டிஷனிங் பெட்டியும் குறைக்காது. இப்படிப்பட்ட சிகரெட்டின் புகையை ஆய்வுக்கூட உயிரணுக்களின் மீது செலுத்தி, கிடைத்த எண்ணைப் பிற கூடங்களின் எண்ணோடு ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது சிகரெட்டை அல்ல, உங்கள் பீரோவை.

“செல்லோபேன் பிரிக்கவில்லையே” என்பது அடுத்த சமாதானம். கடற்கரை ஊரின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தை அந்த மெல்லிய உறை மாதக்கணக்கில் தடுத்து நிறுத்தாது. வெப்பத்தைத் தடுக்க அதனால் இயலவே இயலாது.

ஆகவே, சரக்கு வந்து இறங்கிய அன்றே மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் காற்றுப்புகாத பையில் இட்டு வையுங்கள். வாசனை வீசும் கரைப்பான்களை அதே பெட்டியில் வைக்காதீர்கள். வந்த தேதி, எடுத்த தேதி, எடுத்த எண்ணிக்கை ஆகியவற்றைப் பெட்டியின் மீதே எழுதுங்கள். வெளியே எடுத்தவுடன் பிரிக்கும் அவசரம்தான் பலரைக் கெடுக்கிறது: மழைக்காலக் காற்றில் அந்தக் குளிர்ந்த பாக்கெட் ஐஸ் தண்ணீர்ச் சொம்பைப் போல வியர்க்கும், அந்தத் துளிகள் காகிதத்தில் இறங்கினால் மேலே சொன்ன பழுப்புக் கறைதான் மிஞ்சும். பை மூடியபடியே ஓர் இரவு அறை வெப்பத்துக்கு வரட்டும். (மீந்ததை ஒருமுறை புகைத்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: இவை மனிதர் புகைப்பதற்கானவை அல்ல, தயவுசெய்து கேட்காதீர்கள்.)

மின்வெட்டு நம் ஊருக்கே உரிய கவலை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்த பின் கடலூரிலும் புதுச்சேரியிலும் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரம் திரும்பியதும் உறைபெட்டி மறுபடியும் மைனஸ் 20 காட்டும். நடுவில் உருகியதை அது சொல்லாது. ஒரு கிண்ணத்தில் நீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து உள்ளே விட்டுவிடுங்கள். நாணயம் கிண்ணத்தின் அடியில் கிடந்தால், அந்தச் சரக்கை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள்.