மடியில் கனம் இல்லையென்றாலும் மகஜர் கேளுங்கள்

ராதாபுரம் பக்கம் கல்குவாரிக்கு எதிராக மனு போடுகிற ஒருவர் போன வாரம் பாளையங்கோட்டையில் என் ஆபீஸுக்கு வந்தார். விசாரணை என்று போலீஸ் வாங்கிய போனை இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். மகஜர் இல்லை, அதாவது எதை, எப்போது வாங்கினோம் என்று சாட்சி வைத்து எழுதும் பதிவு இல்லை; ரசீதும் இல்லை. உள்ளே உளவு மென்பொருள் ஏதும் போட்டிருப்பார்களோ என்ற சந்தேகத்தில் என்னைப் பார்க்க வருகிற மனிதர், வழியில் வள்ளியூரில் ஒரு கடையில் கொடுத்து ரீசெட் அடித்துக்கொண்டு வந்து நிற்கிறார். "சுத்தமா இருக்கட்டும்னு நெனச்சேன் அண்ணாச்சி." என்னத்தைச் சொல்ல! ஏதாவது இருந்திருந்தால் அதற்கான தடயமும் சேர்ந்து போயிற்று. இப்படி வருகிற முதல் ஆளும் இவர் இல்லை.

இதுகூடப் பரவாயில்லை. கூட வந்த மைத்துனர் சொன்னதுதான் எனக்கு ஆகாது: "மடியில கனமில்லன்னா வழியில என்ன பயம்?"

அந்தக் கனத்தை அடுத்தவன் கொண்டுவந்து உங்கள் மடியில் வைக்க முடியும் என்பதுதானே இப்போதைய பிரச்சினை. பழைய ஒட்டுக்கேட்பு கேட்பதோடு சரி. கருவிக்குள்ளேயே வந்து உட்கார்ந்தவனுக்கு எடுக்கவும் வழி உண்டு, வைக்கவும் வழி உண்டு. நம்ம திருச்சி மாவட்டத்துக்காரர் ஸ்டேன் சுவாமி பாதிரியாரை எடுத்துக்கொள்ளுங்கள். மகாராஷ்டிராவில் 2018 இல் நடந்த கலவரத்தை ஒட்டிய பீமா கோரேகான் வழக்கில் கைதாகி, 2021 ஜூலையில் விசாரணைக் காவலிலேயே இறந்தார். அவர் கணினியில் இருந்த கோப்புகள் வெளியிலிருந்து நுழைக்கப்பட்டவை என்று ஆர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் 2022 இல் அறிக்கை கொடுத்தது. நுழைத்தது யார் என்று அது சொல்லவில்லை. ஆனால் இதே வழக்கில் அந்த நிறுவனம் கண்டுபிடித்த நெட்வயர் என்ற, கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் மென்பொருள், காசு கொடுத்தால் யாருக்கும் கிடைத்த சரக்கு.

அப்புறம், போன் உங்களுடையதுதான், அதற்குள் இருப்பது நீங்கள் மட்டுமா? குவாரி அளவைக் காகிதத்தை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய அந்தத் தாலுகா ஆபீஸ் ஊழியரும் இருக்கிறார். அவர் மடியில் கனம் உண்டுதானே?

போனுக்குள் புகுந்து உளவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருளை அரசுகளுக்கு மட்டுமே விற்கிறோம் என்கிறது அதைத் தயாரிக்கும் என்எஸ்ஓ நிறுவனம். இந்திய அரசு வாங்கினோம் என்றும் சொல்லவில்லை, வாங்கவில்லை என்றும் சொல்லவில்லை. இதை விசாரிக்க உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் குழு போட்டது. 29 போன்களைப் பார்த்து 5 இல் ஏதோ தீநிரல் (மால்வேர்) இருப்பதாகவும், அது பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை என்றும் குழு சொன்னது. அரசு ஒத்துழைக்கவில்லை என்று தலைமை நீதிபதியே 2022 ஆகஸ்டில் திறந்த நீதிமன்றத்தில் சொன்னார். சரி, அதற்குப் பிறகு என்ன மாறியது?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69 ஆம் பிரிவில் கண்காணிக்க உத்தரவு போடுவது உள்துறைச் செயலாளர். அதைச் சரிபார்க்கும் குழுவிலும் செயலாளர்கள்தான், மாநிலத்தில் தலைமைச் செயலாளர் தலைமையில். எந்தக் கட்டத்திலும் ஒரு நீதிபதி கிடையாது. ஆர்டிஓ ஆபீஸில் ஒரு கையெழுத்துக்கு நாம் படுகிற பாட்டில் பாதிகூட இதற்கு வேண்டாம் போல.

போன் சூடானால், சார்ஜ் இறங்கினால் பெகாசஸ் என்று ஓடி வராதீர்கள், முதலில் பேட்டரியை மாற்றுங்கள். "நான் எந்த லிங்கையும் தொடலியே" என்றும் சொல்லாதீர்கள். 2019 இல் பெகாசஸ் 1,400 பேரைக் குறிவைத்தது வெறும் வாட்ஸ்அப் கால் வழியாக, எடுக்காமல் விட்டாலும் போதும். அப்டேட் கேட்டால் அன்றைக்கே போடுங்கள், ஐபோன் என்றால், உளவுத் தாக்குதலுக்கு வழியாகும் வசதிகளை அடைத்துவைக்கும் லாக்டவுன் மோடைப் போடுங்கள். உங்களை உளவு பார்க்க முயற்சி நடந்திருக்கிறது என்று ஆப்பிளிடமிருந்தோ வாட்ஸ்அப்பிடமிருந்தோ எச்சரிக்கை வந்தால் எதையும் அழிக்காமல் போனோடு வக்கீலைப் பாருங்கள்.

போலீஸ் போனைக் கேட்டால் மகஜர் கேளுங்கள், அதில் ஹாஷ் மதிப்பை, அதாவது உள்ளே இருக்கும் தரவை வைத்துக் கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணை, எழுதச் சொல்லுங்கள். பின்னால் ஒரு கோப்பு கூடினாலும் குறைந்தாலும் அந்த எண் மாறிவிடும். புதிய சாட்சியச் சட்டத்தின் 63 ஆம் பிரிவுச் சான்றிதழில் அதற்கென்றே இடம் விட்டிருக்கிறார்கள், கேட்பதில் தப்பே இல்லை. எழுத மாட்டேன் என்றால், கேட்டதையும் மறுத்ததையும் அன்றைக்கே எஸ்பி ஆபீஸுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தயவுசெய்து அதைப் போட்டோ எடுத்துப் போனில் மட்டும் வைத்துக்கொண்டு வராதீர்கள்.