பூட்டுக்கு யார் பூட்டுப் போடுவது?

"இரண்டு த்ரெட்டுகள் ஒரே மாறியைத் தொட்டால் கணக்குப் பிசகும், அதனால் லாக் போடு என்கிறார்கள். ஆனால் அந்த லாக்கும் நினைவகத்தில் கிடக்கும் ஒரு மாறிதானே! அதையே இரண்டும் ஒரே கணத்தில் பிடித்தால்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் கேள்வி இது. (த்ரெட் என்பது நிரலுக்குள் மற்றவற்றோடு ஒரே சமயத்தில் ஓடும் ஒரு வேலை இழை. லாக் என்பது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு.)

எண்ணிக்கையை ஒன்று கூட்டுவது நிரலில் ஒரே வரி. ப்ராசஸருக்கோ மூன்று வேலை: நினைவகத்திலிருந்து எடு, கூட்டு, திரும்ப வை. மதிப்பு 41 ஆக இருக்கும்போது இரண்டு த்ரெட்டுகளும் அதை எடுத்துவிட்டால், இரண்டும் 42 என்றுதான் எழுதும். ஒரு கூட்டல் காணாமல் போகும். இந்த மூன்று வேலைக்கும் முன்னால் லாக்கைப் பிடித்து, முடிந்ததும் விட்டுவிட்டால் சரி. இதுவரை தெரிந்த கதைதான்.

இப்போது லாக்கை நாமே எழுதிப் பார்ப்போம். 0 என்றால் காலி, 1 என்றால் யாரோ பிடித்திருக்கிறார்கள். படித்துப் பார், 0 என்றால் 1 எழுது. படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. அதற்குள் இன்னொரு த்ரெட்டும் 0 என்று படித்துவிடும். வாசகரின் சந்தேகம் சரியே. வெறும் படித்தல், எழுதுதலை மட்டும் வைத்தே எத்தனை பேர் போட்டியிட்டாலும் இதைச் சமாளிக்கலாம் என்று 1965-இல் கணினியியலாளர் டைக்ஸ்ட்ரா காட்டினார். ஆனால் எழுதிய வரிசையிலேயே நினைவகம் மாறும் என்று அந்த வழி நம்புகிறது. இன்றைய ப்ராசஸர், எழுத வேண்டியதைத் தன்னிடமே சற்று நிறுத்திவைத்துவிட்டு, அடுத்து வரும் படிப்பை முதலில் முடித்துவிடும். அதைத் தடுக்கும் கட்டளைகளை இடையில் சேர்க்காவிட்டால் டைக்ஸ்ட்ராவின் வழி உடைந்துபோகும்.

அதனால் வன்பொருளே ஒரு கை கொடுக்கிறது. "இந்த இடத்தில் 0 இருந்தால் 1 ஆக்கு; முன்பு என்ன இருந்தது என்றும் சொல்." இவ்வளவும் பிளக்க முடியாத ஒற்றைக் கட்டளை. இன்டெல், ஏஎம்டி சில்லுகளில் இதை ஓட்டும் கோர் (ப்ராசஸருக்குள் தனித்து வேலை செய்யும் பகுதி), அந்த மாறி இருக்கும் 64 பைட் கேஷ் வரியை, அதாவது கோர் தன் அருகிலேயே வைத்திருக்கும் நினைவக நகலின் ஒரு துண்டை, தனக்கே உரியதாக்கிக்கொள்கிறது. மற்ற கோர்களிடம் உள்ள நகல்கள் செல்லாதவை ஆகின்றன. கட்டளை முடியும் வரை வேறு எந்தக் கோர் கேட்டாலும் அந்த வரி கைமாறாது. பூட்டுக்கான பூட்டு இதுதான்.

ஆனால் லாக் கிடைக்காத த்ரெட் என்ன செய்யும்? திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருந்தால் ஒரு கோர் வீணாகிறது. ஒவ்வொரு முறையும் இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் போய்க் கேட்டால், போட்டியே இல்லாத நேரத்திலும் அந்த அழைப்புக்கான (சிஸ்டம் கால்) செலவு. 2003-இல் வெளியான லினக்ஸ் 2.6-இல் இருக்கும் ஃப்யூட்டெக்ஸ் என்ற வசதி இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டது. கணினியியலில் இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு யோசனையை அடைத்த வேறொன்றைச் சொல்வது கடினம்.

ஒரே ஒரு முழு எண், மூன்று மதிப்புகள். 0: காலி. 1: பிடித்தாயிற்று, காத்திருப்பவர் இல்லை. 2: பிடித்தாயிற்று, யாரேனும் காத்திருக்கலாம். காலியாக இருந்தால் அந்த ஒற்றைக் கட்டளையே 0-வை 1 ஆக்கிவிடும். கெர்னலுக்கு விஷயமே தெரியாது. காலி இல்லையென்றால், வருகிற த்ரெட் 2 என்று மாற்றி எழுதுகிறது. மாற்றும்போது பழைய மதிப்பு 0 என்று வந்தால் லாக் அதன் கைக்கு வந்துவிட்டது. இல்லாவிட்டால் கெர்னலிடம், "இன்னும் 2 இருந்தால் மட்டும் என்னைத் தூங்க வை" என்கிறது. அந்த "மட்டும்" இல்லாவிட்டால் எல்லாம் கெட்டது. எழுதியதற்கும் தூங்கப் போவதற்கும் இடையில் லாக் விடப்பட்டிருந்தால், எழுப்பும் அழைப்பு ஆளில்லாத இடத்துக்கு வந்து போயிருக்கும். த்ரெட் எழவே எழாது. கெர்னல் தன் உள் லாக்கைப் பிடித்துக்கொண்டு மதிப்பைச் சரிபார்த்து, அதே மூச்சில் வரிசையில் சேர்க்கிறது. அந்த உள் லாக்கும் கடைசியில் அதே பிளக்க முடியாத கட்டளையில்தான் நிற்கிறது.

விடுகிறவர் 0 எழுதி, பழைய மதிப்பைப் பார்க்கிறார். 1 என்றால் வேலை முடிந்தது. 2 என்றால் ஒருவரை எழுப்பச் சொல்கிறார். எழுந்தவர் லாக்கைப் பிடிக்கும்போது 1 எழுதாமல் 2 எழுதுகிறார். தன் பின்னால் இன்னும் யாராவது தூங்குகிறார்களா என்பது அவருக்குத் தெரியாதே! யாரும் இல்லையென்றால் ஒரு வெட்டி சிஸ்டம் கால், அவ்வளவுதான். 1 எழுதி, பின்னால் ஆள் இருந்துவிட்டால் நிரந்தரத் தூக்கம்.

இத்தனை நுணுக்கத்தையும் மறந்துவிட்டு, ரேஸ் (த்ரெட்டுகள் ஒன்றையொன்று முந்துவதால் வரும் பிழை) வந்தால் பத்து மில்லிவிநாடி தூக்கம் போட்டுப் பார்ப்பது, சி மொழியில் மாறிக்கு முன்னால் வோலடைல் என்று எழுதிவைப்பது போன்ற மந்திரங்கள் நம் துறையில் புழங்குகின்றன. தூக்கம் பிழையை அரிதாக்கும், போக்காது. வோலடைல், எடு, கூட்டு, வை என்ற அந்த மூன்று வேலையை ஒன்றாக்காது. ஜாவாவில் அதே சொல் மற்ற த்ரெட்டின் எழுத்தைக் காணச் செய்யும். அங்கும் கூட்டல் தொலையத்தான் செய்யும்.

லாக் சரியாக வேலை செய்தாலும் பயன்படுத்துபவர் கெடுக்கலாம். வங்கிக் கணக்குக்கு ஒரு லாக் என்று வைப்போம். ஒரு த்ரெட் முதல் கணக்கிலிருந்து இரண்டாவதுக்குப் பணம் மாற்றுகிறது, மற்றது எதிர்த்திசையில். இரண்டும் தத்தம் முதல் லாக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தால் இரண்டும் நகராது; இதுதான் டெட்லாக். எப்போதும் சிறிய கணக்கு எண்ணின் லாக்கை முதலில் பிடி என்று விதி வைத்தால் போதும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் ஒரு முறை மட்டும் பிடிக்க வேண்டும்; சாதாரண லாக்கை (மியூட்டெக்ஸ்) இரண்டாம் முறை கேட்கும் த்ரெட் தனக்குத்தானே காத்திருக்கும். லாக்கைப் பிடித்தபடி வட்டில் எழுதுவதும் நெட்வொர்க்கில் பதிலுக்குக் காத்திருப்பதும் கூடாது: நானோ விநாடிகளில் முடியும் வேலைக்குப் பின்னால் மில்லிவிநாடி வரிசை நிற்கும்.

ரேஸைத் தேட வேண்டுமென்றால் ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்கள் இரண்டிலும் த்ரெட் சானிட்டைசர் என்ற கருவி இருக்கிறது. நிரல் 5 முதல் 15 மடங்கு மெதுவாகும், நினைவகமும் கூடுதலாகத் தின்னும். ஓடிய பாதையில் உள்ள ரேஸை மட்டுமே அது காட்டும் என்பதால், சோதனைகளில் த்ரெட்டுகள் உண்மையிலேயே மோதும்படி எழுதியிருக்க வேண்டும்.