வளைந்தால் விழாத சுவர்

இங்கிலாந்தில் நெளிந்து நெளிந்து செல்லும் ஒரு செங்கல் மதிலின் படத்தை அனுப்பிய வாசகர் ஒருவர், நேராகக் கட்டியிருந்தால் செங்கல் மிச்சமாகியிருக்குமே என்று கேட்டிருந்தார். செங்கலை மிச்சப்படுத்துவதற்காகவே அதை வளைத்திருக்கிறார்கள் என்பதுதான் விடை.

கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் மிகுதியாகக் காணப்படும் இம்மதில்களுக்கு ‘கிரிங்கிள் கிராங்கிள்’ என்று பெயர். ‘டிக் டாக்’ போல, இகரம் முந்தியும் ஆகாரம் பிந்தியும் வரும் ஆங்கில இரட்டைக்கிளவிகளுள் அதுவும் ஒன்று.

செங்கல் தன்மேல் விழும் பாரத்தை நன்றாகவே தாங்கும். ஆபத்து, பக்கவாட்டில் அடிக்கும் காற்றால் வருகிறது. காற்று தள்ளும்போது சுவர் தன் அடிவிளிம்பை அச்சாகக் கொண்டு கவிழப் பார்க்கும். அதைத் தடுப்பவை சுவரின் எடையும், எடையின் மையத்துக்கும் அவ்விளிம்புக்கும் உள்ள தூரமும். நம் கொத்தனார்கள் நாலரை இஞ்ச் சுவர் என்று சொல்லும் மெல்லிய சுவரின் கனம் ஏறத்தாழ 11 செ.மீ. என்பதால், அந்தத் தூரம் ஐந்தரை செ.மீ. மட்டுமே. நேரான மதிலுக்கு இடையிடையே தூண் கொடுப்பதும், ஒன்பது இஞ்ச் ஆக்கிச் செங்கலை இருமடங்கு செலவழிப்பதும் இதனால்தான்.

அதே நாலரை இஞ்ச் சுவரை, 5 மீட்டருக்கு ஒரு முழு அலை வீதம், நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் அரை மீட்டர் விலகுமாறு கட்டிப் பார்ப்போம். அது எந்தப் பக்கம் கவிழ வேண்டுமானாலும் அந்தப் பக்கத்து வளைவு முகடுகளை அச்சாகக் கொண்டே கவிழ வேண்டும்; அந்த அச்சோ மையத்திலிருந்து சுமார் 55 செ.மீ. தள்ளிப் போய்விட்டது. எதிர்ப்பு பத்து மடங்கு கூடிவிட்டது; கூடுதலாகச் செலவான செங்கலோ சுமார் 9 சதவீதம்தான். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்ததாக வருகிறது. விலகலைக் கால் மீட்டராகக் குறைத்தால் அச்சின் தூரம் ஏறக்குறைய பாதியாகிறது, ஆனால் கூடுதல் நீளம் கால்பங்காகச் சுருங்கி இரண்டரை சதவீதத்துக்கு இறங்குகிறது. கூடுதல் நீளம் விலகலின் வர்க்கத்தைப் பொறுத்தும், உறுதி விலகலையே நேராகப் பொறுத்தும் மாறுவதால், சிறிய நெளிவுக்குக்கூடக் கொள்ளை லாபம் கிடைக்கிறது. தகரக் கூரையின் வரிகள் தகட்டை மடங்காமல் காப்பது போல, இந்த நெளிவு சுவரை இடையில் வளைந்து முறியாமலும் காக்கிறது.

பிரிட்டனில் 1784 முதல் 1850 வரை ஆயிரம் செங்கலுக்கு இவ்வளவு என்று வரி வசூலித்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தச் சிக்கனத்தின் அருமை புரியும். கிழக்கு மேற்காக ஓடும் மதிலில் தெற்கு நோக்கிய குழிவுகள் வெயிலை வாங்கி, பழமரங்களுக்குக் கதகதப்பும் தந்தன.

அமெரிக்காவின் மூன்றாவது அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இத்தகைய மதில்களை எழுப்பினார்; அவரே இவற்றைக் கண்டுபிடித்தார் என்று சொல்வோரும் உண்டு. பெயர் தெரியாத கொத்தர்களின் அறிவைப் பெரிய மனிதர்களின் கணக்கில் எழுதும் இந்தப் பழக்கம் எனக்கு உவப்பானதல்ல.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. அரை மீட்டர் விலகல் கொண்ட மதில் ஒரு மீட்டருக்கு மேல் அகலமான நிலத்தை விழுங்கும் என்பதால், நகரத்து மனைக்கு அது கட்டுப்படியாகாது. மதில் முடியும் இடத்தில் கடைசி வளைவுக்கு அண்டை வளைவின் துணை ஒருபுறம் இல்லாததால், அங்கே ஒரு தூணாவது கட்டியாக வேண்டும்.