தட்டில் எதைக் குறைத்தால் கிட்னிக்கு நல்லது?

68 வயதுப் பெண்மணி ஒருவர் இரவுச் சாப்பாட்டை நிறுத்தி, ஆறு மாதத்தில் எட்டுக் கிலோ குறைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிட்னி வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 1.1 இருந்தது, 0.9 ஆகிவிட்டது. கிட்னி வடிகட்டும் வேகம், ரிப்போர்ட்டில் இ.ஜி.எஃப்.ஆர். என்று வருவது, கணக்குப்படி 55-லிருந்து 70-க்கு ஏறியிருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க அவர் இப்போது கையை ஊன்றுகிறார். சந்தேகம் வர வேண்டிய இடம் அதுதான். கிரியாட்டினின் தசையிலிருந்து உண்டாவது. தசை கரைந்தால், கிட்னி துளியும் தேறாமலே அந்த எண் இறங்கும்.

இதே 1.1 என்ற எண் 30 வயது ஆணுக்கு வந்தால் வேகம் ஏறத்தாழ 93. பல ஆய்வகத் தாள்களில் இரண்டு பேருக்கும் "நார்மல்" என்றே போட்டிருக்கும்.

அளவாகச் சாப்பிடுவது கிட்னிக்கு நல்லது என்பதில் சந்தேகமில்லை. ஒரு கிட்னியில் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள் உண்டு. வயது ஏற ஏற அவை ஒவ்வொன்றாக நின்றுபோகும், புதிதாக முளைக்காது. நாற்பதைத் தாண்டினால் வடிகட்டும் வேகம் சராசரியாக வருடத்துக்கு ஒரு புள்ளி அளவுக்கு இறங்கும். உடல் பருத்தால் மீதியுள்ள வடிகட்டிகள் கூடுதல் அழுத்தத்தில் வேலை செய்து வீங்குகின்றன. அவற்றைப் போர்த்தியிருக்கும் போடோசைட் செல்களோ பெருகுவதில்லை. அதே செல்கள் விரிந்த பரப்பை மூட முடியாமல் இடைவெளி விட, அதன் வழியே அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது. எடை குறையும்போது இந்த அழுத்தம் தணியும், ஒழுக்கும் குறையும். கலோரி குறையும்போது செல்கள் தங்களுக்குள் பழுதான பாகங்களைத் தாங்களே சிதைத்துப் புதுப்பிக்கும் வேலையும் சுறுசுறுப்பாகிறது. விலங்குகளின் கிட்னியில் இதைத் தெளிவாகவே பார்த்திருக்கிறார்கள்.

வயதான ஆய்வக எலிகளுக்குக் கிட்னி நோய் சர்வ சாதாரணம். அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் எட்வர்ட் மசோரோ குழுவினர் 1980களில் எலிகளுக்குப் புரதத்தைக் குறைக்காமல் கலோரியை மட்டும் குறைத்துப் பார்த்தார்கள். அப்போதும் கிட்னிச் சிதைவு நன்றாகவே தள்ளிப்போனது. நம் ஊரில் பலர் செய்வது இதற்கு நேர்மாறு. முட்டையையும் பருப்பையும் நிறுத்திவிட்டுச் சோற்றையும் எண்ணெயையும் விட்டுவைக்கிறார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேலரி என்ற இரண்டு வருட ஆய்வு 218 பேரைக் கலோரி குறைக்கவைத்தும் குறைக்காமலும் ஒப்பிட்டது. எல்லோரும் 21 முதல் 50 வயதுக்காரர்கள். 25 சதவீதம் குறைக்கச் சொல்லியும், முடிந்தது சுமார் 12 சதவீதம்தான். எழுபது வயதுக்காரருக்கு இந்த ஆய்வின் முடிவை அப்படியே பொருத்தக் கூடாது.

கூடுதல் எடையுள்ள முதியவருக்கு நாளொன்றுக்கு 300 கலோரி குறைத்தால் போதும். மாதம் ஒன்று, ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்க விடாதீர்கள். ஒரு கப் சோறு, அதாவது 150 கிராம், சுமார் 200 கலோரி. மூன்று வேளைக் காபியில் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 30 கிராம், 120 கலோரி. இந்த இரண்டைக் குறைத்தாலே கணக்கு முடிந்தது. கூடவே அப்பளம், ஊறுகாய், கருவாட்டைக் குறைத்து ஒரு நாள் உப்பை 5 கிராமுக்குள் வைத்தால் ரத்த அழுத்தமும் இறங்கும்.

புரதத்தில் கை வைக்க வேண்டாம். கிட்னி நன்றாக உள்ள 55 கிலோ முதியவருக்குக் குறைந்தது 55 கிராம் வேண்டும். 60 கிராம் பருப்பில் 14, இரண்டு முட்டையில் 12, பாலும் தயிருமாக 400 மில்லியில் 13, மீதி தானியத்திலிருந்து வரும். சாம்பாரில் தெளிவை மட்டும் மொண்டு ஊற்றினால் பருப்பு அடியிலேயே தங்கிவிடும், கலக்கி ஊற்றுங்கள். கிட்னி நோய் உறுதியானவருக்குக் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது பொதுவான அளவு. உடல் தளர்ந்தவர் என்றால் அதையும் டாக்டர் கூட்டித் தருவார். டயாலிசிஸ் செய்பவருக்கு 1 முதல் 1.2 கிராம் தேவை. அவர் எடை குறைக்கப் பட்டினி கிடக்கவே கூடாது.

ஒரு வேளையைத் தாண்டவிட்டால் சோறு, ரசம், மோரோடு உடலுக்குப் போக வேண்டிய தண்ணீரும் போய்விடுகிறது. கோடையில், நீர் பிரிக்கும் மாத்திரையும் டெல்மிசார்டன், ராமிப்ரில் போன்ற பி.பி. மாத்திரையும் எடுப்பவருக்கு இதனால் கிட்னிக்குப் போகும் ரத்தமே குறையலாம். அதற்கு மேல் மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக்கும் போட்டால் ஓரிரு நாளிலேயே கிட்னி படுத்துவிடும் ஆபத்து உண்டு. சர்க்கரை நோய்க்குக் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, இன்சுலின் எடுப்பவர் சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை திடீரென இறங்கும். கிட்னி தளர்ந்திருந்தால் அந்த மருந்து உடலில் தங்கி, இறங்கிய சர்க்கரை ஏறவும் நேரமாகும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுக்கிறவர் பட்டினி கிடந்தால் ரத்தத்தில் அமிலம் சேரலாம். குளுக்கோமீட்டரில் எண் அதிகம் ஏறாமலே இது நடக்கும் என்பதால்தான் பயம். ஆகவே சாப்பாட்டைக் குறைக்கும் முன்பே மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டி அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

எடை குறைய வெறும் வயிற்றில் ஜூஸ் குடிப்பதையும் விட்டுவிடுங்கள். புளிச்சக்காய் (பிலிம்பி) ஜூஸ் குடித்து ஆக்சலேட் படிகம் அடைத்துக் கிட்னி செயலிழந்தவர்கள் கேரளத்தில் பதிவாகியிருக்கிறார்கள். பசலை, பாலக் ஜூஸிலும் ஆக்சலேட் அதிகம்.

எடை குறைக்கத் தொடங்கும் முன்பும் மூன்று மாதம் கழித்தும் சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் பாருங்கள். கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். எடை நிறைய இறங்கியவர், கிட்னி வடிகட்டும் வேகத்தைக் கணிக்க உதவும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான சிஸ்டாட்டின் சி-யைக் கேட்டு வாங்குங்கள். அது தசையை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. வீட்டில் ஒரு சோதனை: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால், கிரியாட்டினின் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த டயட்டை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.