இருமலுக்கு அட்மிட் ஆனவருக்கு ஈரல் ரிப்போர்ட் ஏன் ஏறுகிறது?

கொரோனாவோ இன்ஃப்ளூயன்சாவோ, மூச்சு வாங்குகிறது என்று அட்மிட் ஆகிறவர்களுக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் ஈரல் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் எல்.எஃப்.டி.யும் இருக்கும். ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் நொதிகள் இரண்டும் தடித்த எழுத்தில் வந்திருப்பதைப் பார்த்ததும் கூட இருப்பவர்கள் பதறிவிடுகிறார்கள். "டாக்டர், அப்பாவுக்கு மஞ்சள் காமாலையா?" என்று கேட்பார்கள். சிலர் அதற்குள் ஊரிலிருந்து கீழாநெல்லிச் சாறு வரவழைத்தும் விடுகிறார்கள்.

பெரும்பாலும் காமாலை இல்லை. இந்த இரண்டும் 40 வரை இருக்கலாம் என்று பல லேப்களில் போட்டிருப்பார்கள். வைரஸ் நிமோனியாவில் 60, 80, 100 என்று வருவது சகஜம், எஸ்.ஜி.ஓ.டி. கொஞ்சம் தூக்கலாக இருக்கும், காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமியான பிலிருபின் அதன் இடத்திலேயே நிற்கும். 2020-இல் சீனாவிலிருந்து வந்த முதல் கொரோனா அறிக்கைகளிலேயே இது இருந்தது. நோய் கடுமையாக இருந்தவர்களுக்கு இந்த எண்ணும் அதிகம். ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைகிறது, உடம்பு முழுக்க அழற்சி ஓடுகிறது, சிலருக்கு இதயத்தின் வலப்பக்கம் திணறி ரத்தம் ஈரலில் தேங்குகிறது, இத்தனையும் சேர்ந்துதான் அந்த எண் ஏறுகிறது. எஸ்.ஜி.ஓ.டி. தசையிலும் உண்டு என்பதால், உடம்பு வலி கடுமையாக இருந்தால் தசை பாதிப்பைக் காட்டும் சி.பி.கே.யும் பார்த்துவிடுவோம்.

நான் அதிகம் கவலைப்படுவது மாத்திரைகளைப் பற்றித்தான். காய்ச்சல் என்று மெடிக்கலில் கேட்டால் அட்டையை வெட்டி, பெயர் தெரியாத துண்டுகளாகக் காகிதக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள். அப்படி ஒரு கவரைச் சர்க்கரை உள்ள ஒரு நோயாளியின் மனைவி கொண்டுவந்து என் மேஜையில் கொட்டினார். பாராசிட்டமால் 650 நான்கு வேளை, சளி மாத்திரை மூன்று வேளை (அதற்குள்ளும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால்), உடம்பு வலி மாத்திரை இரண்டு வேளை, அதிலும் 325. கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 4,750 மில்லிகிராம். நன்றாகச் சாப்பிடும் பெரியவருக்கே 4,000 தான் உச்சவரம்பு, இவரோ நான்கு நாளாகக் கஞ்சி கூடச் சரியாகக் குடிக்கவில்லை. பட்டினி கிடப்பவருக்கும் தினமும் குடிப்பவருக்கும் அதைவிடக் குறைவான அளவே ஈரலைப் பதம் பார்த்துவிடும்.

ஆஸ்பத்திரியில் நாங்கள் கொடுக்கும் மருந்துகளும் விதிவிலக்கில்லை. கொரோனாவுக்கான வைரஸ் எதிர்ப்பு மருந்தான ரெம்டெசிவிர் போடும்போது எஸ்.ஜி.பி.டி. வரம்பைப்போலப் பத்து மடங்கு தாண்டினால் நிறுத்துவது பற்றி யோசிக்க வேண்டும், அழற்சியை அடக்கும் டோசிலிசுமாப், சில ஆன்டிபயாடிக்குகள் என எல்லாவற்றுக்கும் கண்காணிப்பு உண்டு.

அப்புறம் கஷாயம். எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் கொடி குடித்துவந்த சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதாக 2021-இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள், ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. நம் கபசுரக் குடிநீரிலும் சீந்தில் ஒரு சரக்கு. குடித்தவர்களுக்கெல்லாம் ஈரல் கெட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை, திட்டவும் மாட்டேன், ஆனால் தயவுசெய்து குடித்ததை மறைக்காதீர்கள். எத்தனை நாள், எவ்வளவு என்று தெரிந்தால்தான் எந்த மருந்தை நிறுத்துவது என்று எங்களால் முடிவெடுக்க முடியும்.

சரி, எப்போது பயப்பட வேண்டும்? எண்கள் நூறுகளைத் தாண்டி ஆயிரத்தை நோக்கிப் போகும்போது, பிலிருபினும் கூடவே ஏறும்போது, ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் ஐ.என்.ஆர். ஏறும்போது, நோயாளி நேரம் தெரியாமல் குழப்பமாகப் பேசும்போது. சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் வார்டில் இருக்கும் நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். மழைக்காலத்தில் நாங்கள் டெங்குவையும் எலிக்காய்ச்சலையும் தேடாமல் விடக்கூடாது. இருமலோடு வந்தாலும் எஸ்.ஜி.ஓ.டி. ஏறி பிளேட்லெட் இறங்கினால் முதல் சந்தேகம் டெங்கு மேல்தான்.

ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் தங்களுக்கு இருப்பது பலருக்குத் தெரிவதே இல்லை. ஸ்டீராய்டு, டோசிலிசுமாப் போன்றவை அடங்கிக் கிடக்கும் அந்த வைரஸைக் கிளப்பிவிடலாம் என்பதால் அதைக் கண்டுபிடிக்கும் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள், செலவு அதிகமில்லை.

டிஸ்சார்ஜ் ஆகி நான்கிலிருந்து ஆறு வாரத்தில் எல்.எஃப்.டி.யைத் திரும்ப எடுத்துவிடுங்கள். வைரஸால் ஏறியது என்றால் அநேகமாக அதற்குள் இறங்கியிருக்கும். இறங்கவில்லை, கூடவே தொப்பையும் சர்க்கரையும் இருக்கிறது என்றால், இருமல் வருவதற்கு வெகு நாள் முன்பே ஈரலில் கொழுப்பு சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொண்டு வாருங்கள், அந்தச் சிகிச்சையைத் தனியாகத் தொடங்கலாம்.