ஸ்பீக்கரைக் கூட்டினால் சரவுண்டு வராது, ஆம்ப்தான் போகும்

மறுபடியும் ஒரு ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) சர்வீஸ் மேசைக்கு வந்திருக்கிறது. வலது சேனலில் அவுட்புட் டிரான்சிஸ்டர் இரண்டும் ஷார்ட், எமிட்டர் ரெசிஸ்டர் கருகல். பின்பக்கத்தைத் திருப்பினால் ஒரே சிவப்பு டெர்மினலில் மூன்று ஒயரை முறுக்கிச் செருகியிருக்கிறது. "சரவுண்டு போட்டோம் சார், ரெண்டு நாள் நல்லாத்தான் பாடுச்சு" என்கிறார்கள். பாடும். வால்யூமைத் திருகாத வரைக்கும் பாடும்.

ஸ்பீக்கர் எண்ணிக்கைதான் சரவுண்டு என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! ஸ்டீரியோ ஆம்பிலிருந்து வெளியே வருவது இடது, வலது என்று இரண்டே சிக்னல். நாலு பெட்டி மாட்டினாலும் எட்டு மாட்டினாலும் அதே இரண்டுதான். முன்னால் பாடுவதையே பின்னால் இருக்கும் பெட்டியும் பாடும். திரையில் ஹீரோ பேசும் வசனம் நம் பிடரியிலும் கேட்கும். அதற்குப் பெயர் சரவுண்டு இல்லை, கல்யாண மண்டபம். 5.1 என்றால் முன்னால் இடது, நடு, வலது, பின்பக்கவாட்டில் இரண்டு, சப் ஊஃபருக்கு ஒன்று என ஆறு தனித்தனி சிக்னல். 1992-ல் டால்பி டிஜிட்டல் தியேட்டருக்கு வந்தபோதும் இதே கணக்குதான். அதைப் பிரித்துக் கொடுக்க டிகோடர் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனி ஆம்ப் சேனல் வேண்டும். ஒயரை மட்டும் இழுத்தால் எதுவும் பிரியாது.

ஓம் என்பது ஸ்பீக்கர் கரண்டுக்குக் காட்டும் தடை. அந்தக் கணக்கில் இன்னொரு தலைகீழ்ப் புரிதல். 4 ஓம் ஸ்பீக்கர் சின்னது, ஆம்புக்குச் சுமை கம்மி என்று நினைக்கிறார்கள். ஓம் குறையக் குறையச் சுமை கூடும். 8 ஓம் பெட்டி இரண்டை ஒரே டெர்மினலில் மாட்டினால் 4 ஓம். நான்கை மாட்டினால் 2 ஓம், அதாவது ஒரே வால்யூமில் நாலு மடங்கு கரண்ட். 8 ஓமோடு 4 ஓமைச் சேர்த்தால் சுமார் 2.7. ஆம்பின் பின்னால், ஏ அல்லது பி (ஒரு ஜோடி ஸ்பீக்கர் மட்டும்) என்றால் 4 ஓமிலிருந்து, ஏ+பி (இரண்டு ஜோடியும் சேர்ந்து) என்றால் 8 ஓமிலிருந்து என்று எழுதியிருந்தால் அது அலங்காரத்துக்கு இல்லை. ஃபியூஸ் போகிறதென்று பெரிய ஃபியூஸ் போடுகிறவர்களைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது.

ஆன் செய்யும் முன் ஒரு நிமிட வேலை இருக்கிறது. ஆம்பிலிருந்து ஒயரைக் கழற்றி, அந்த முனையில் மல்டிமீட்டரை ஓம் ரேஞ்சில் வையுங்கள். 8 ஓம் பெட்டி 6, 7 என்று காட்டும். 4 ஓம் 3, 3.5 காட்டும். மூன்றுக்குக் கீழே இறங்கினால் மாட்டாதீர்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் பெரும்பாலும் எங்கோ ஒரு செம்பு இழை பக்கத்து டெர்மினலைத் தொடுகிறது.

செலவே இல்லாமல் ஏதாவது வேண்டுமென்றால் ஹாஃப்லர் இணைப்பு இருக்கிறது. 8 ஓம் பெட்டி இரண்டைப் பின்னால் வையுங்கள். ஒன்றின் சிவப்பை ஆம்பின் இடது சிவப்புக்கும், மற்றதன் சிவப்பை வலது சிவப்புக்கும் கொடுங்கள். பெட்டிகளின் கறுப்பு இரண்டையும் ஒன்றோடொன்று சேருங்கள், ஆம்பின் கறுப்பைத் தொட வேண்டாம். இரண்டு சேனலுக்கும் பொதுவான வசனமும் பாடகர் குரலும் பின்னால் அடங்கிவிடும். எதிரொலி, கைதட்டல், மழை மாதிரியான வித்தியாசம் மட்டும் கேட்கும். மோனோ பாட்டுக்கு அநேகமாக மௌனம்தான், ரிப்பேர் என்று தூக்கி வராதீர்கள். முன் பெட்டிகளும் 8 ஓமாக இருக்க வேண்டும், ஆம்ப் 4 ஓமைத் தாங்க வேண்டும். பிரிட்ஜ் ஆம்புக்கு, அதாவது கறுப்பு டெர்மினலிலும் சிக்னல் வரும் ஆம்புக்கு, இது ஆகாது. 4440 ஐசியைப் பிரிட்ஜில் போட்ட போர்டும், சின்ன கிளாஸ்-டி போர்டுகளில் பலவும் அந்த ஜாதிதான். ஆம்பை ஆஃப் செய்து கறுப்பு டெர்மினல் இரண்டுக்கும் இடையே மீட்டர் வையுங்கள். பூஜ்யம் வராவிட்டால் கைவிட்டுவிடுங்கள்.

நிஜ 5.1 வேண்டுமா, பழைய ஸ்டீரியோவையும் விட மனசில்லையா? டிகோடரும் பல சேனல் ஆம்பும் ஒரே பெட்டியில் இருக்கும் ஏவி ரிசீவர் வாங்குங்கள், ஆனால் முன் இடது வலதுக்கு ப்ரீ-அவுட் (வேறு ஆம்புக்குச் சிக்னல் கொடுக்கும் சாக்கெட்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் சப் ஊஃபருக்கு மட்டும்தான் இருக்கும். அந்த ப்ரீ-அவுட்டிலிருந்து ஆர்சிஏ கேபிள் ஸ்டீரியோ ஆம்பின் மெயின்-இன்னுக்கு (வால்யூம் குமிழைத் தாண்டி நேராக உள்ளே போகும் சாக்கெட்) போக வேண்டும், அது இல்லையென்றால் ஆக்ஸுக்கு. ஆக்ஸ் என்றால் வால்யூம் குமிழை ஒரே இடத்தில், உதாரணமாக 12 மணி நிலையில், அடையாளம் போட்டு வைத்துக்கொண்டு ரிசீவரின் டெஸ்ட் டோனை ஓடவிட்டு எல்லாப் பெட்டியையும் சமப்படுத்துங்கள். பிறகு குமிழைத் தொடக்கூடாது. நடு, பின், சப் எல்லாம் ரிசீவரிலிருந்து. ஆன் செய்யும்போது ஸ்டீரியோ ஆம்ப் கடைசி, அணைக்கும்போது அது முதல்.

ப்ரீ-அவுட் இல்லையென்று ஒரே ஸ்பீக்கரில் இரண்டு ஆம்பின் ஒயரையும் மாட்டாதீர்கள். "ஒண்ணு ஆஃப்லதானே சார் இருக்கு" என்பது பதிலே இல்லை. ஓடுகிற ஆம்பின் வோல்டேஜ் அணைந்திருக்கும் ஆம்பின் அவுட்புட்டுக்குள் போகும். ஸ்பீக்கர் செலக்டர் சுவிட்ச் போடுங்கள்.

எல்லாம் சரியாக மாட்டியும் பின்னால் சத்தம் இல்லை என்றால் பெரும்பாலும் டிவி செட்டிங்தான். டிஜிட்டல் ஆடியோ அவுட் பிசிஎம்மில் (டிவியே டிகோட் செய்து அனுப்புவது) இருந்தால் ஆப்டிகல் கேபிளில் இரண்டு சேனல்தான் போகும். பிட்ஸ்ட்ரீம் (டிகோட் செய்யாமல் அப்படியே அனுப்புவது) அல்லது ஆட்டோவுக்கு மாற்றுங்கள். ரிசீவர் டிஸ்ப்ளேயில் டால்பி டிஜிட்டல் என்று வருகிறதா பாருங்கள்.

பின் பெட்டிகளை மூலைச் சீலிங்கில் ஆணியடித்துத் தொங்கவிடுவது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. டிவி இருக்கும் திசையிலிருந்து 110 டிகிரி, அதாவது தோளுக்குச் சற்றுப் பின்னால், காதுக்கு இரண்டடி மேலே இருந்தால் போதும். ஒயர் 1.5 சதுர மி.மீ. செம்பு. அலுமினியத்தில் செம்பு பூசியதைச் செம்பு என்று விற்கிறார்கள், முனையைச் சுரண்டினால் வெள்ளை தெரியும். ஒரு பெட்டியில் மட்டும் ப்ளஸ் மைனஸ் மாறினால் பேஸ் காணாமல் போகும். ஊஃபர் ஒயரில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள், சிவப்புக்கு ப்ளஸ் என்றால் கோன் வெளியே தள்ளும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கோளாறு வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் புரொடெக்‌ஷன் ரிலே 'டக்' என்று விழுந்தால் மறுபடி மறுபடி ஆன் செய்யாதீர்கள். ஸ்பீக்கர் ஒயர் அத்தனையையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். ரிலே பிடித்தால் தப்பு பெரும்பாலும் ஒயரிலோ பெட்டியிலோ. பிடிக்காவிட்டால் ஆம்பை சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். ரிலேக்கு ஜம்பர் போட்டு, அதாவது அதைத் தாண்டி ஒயரால் நேராக இணைத்து, தருகிறேன் என்பவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அடுத்த முறை டிசி நேராக வாய்ஸ் காயிலுக்குப் போய் ஆம்போடு பெட்டியும் சேர்ந்து கருகும்.